பழியும் கடனும்

மக்கள் தம் முன்னோர் பெருமையை எடுத்தோதுவதில் என்றும் சளைத்தவரல்லர். கல்லணை கட்டியவன் நம் அரசன் என்கின்றோம். சித்தன்னவாசற் குகையில் ஓவியந் தீட்டியவர் நம் நாட்டார் என்கின்றோம். அக் கல்லணைக்கு நாம் ஒரு கல்லும் சுமந்ததில்லை. அவ்வோவியத்தில் ஒரு கோடும் இழுத்ததில்லை. ஆயினும் அப்புகழில் நமக்கும் பங்குண்டென்று கருதி மகிழ்கின்றோம். முன்னோர் செய்த தீங்கொன்றை ஒருவர் எடுத்துக் காட்டினாலோ, 'அஃது எவரோ எக்காலத்திலோ செய்தது. எமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று விலகி நிற்கின்றோம். புகழ் வழிவழி வருமாயின் பழி வாராதோ? பழி வாராதாயின் புகழ் மட்டும் வருவது எங்ஙனம்? இவ்வினாவை நம் நாட்டு வரலாறு ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புதுக்கோட்டையார் அறிந்த பழி

முன்னோர் பழியைச் சுமப்பது எத்தகையதென்பதைப் புதுக்கோட்டையார்க்கு ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. 1799-ஆம் ஆண்டிற் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் தொண்டைமான் சீமையிற் பிடிபட்டுக் கும்பெனியாரிடம் ஒப்புவிக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டனன். அன்று தொட்டுப் 'புதுக்கோட்டை' என்ற பெயரைக் கேட்டவுடனே 'காட்டிக்கொடுத்த ஊர்' என்று நகைப்பார் உளர். தொண்டைமான் செய்தது சரியோ தவறோ என்பதை வரலாற்றறிஞர் வாதிட்டு முடிவு செய்க. நாம் இங்கு நோக்க வேண்டுவது வேறொன்று. ஆலங்குடிப் பக்கத்திற் கடலை விதைக்கும் உழவனும், கோட்டைப்பட்டினத்தில் வலை வீசும் மீனவனும் அப்பழிக்கு உரியராவது எங்ஙனம்? கோட்டைப்பட்டினமோ அந்நாளில் தொண்டைமான் சீமையிற் சேர்ந்ததே அன்று; 1974 ஜனவரியில் இம்மாவட்டம் அமைந்தபொழுதுதான் நம்மோடு இணைந்தது. ஊர்ப்பெயர் ஒன்றே குற்றத்திற்குச் சான்றாமாயின் நீதி என்ற சொல்லுக்குப் பொருளே இல்லையாம்.

ஆதலின், பிறப்பினால் வரும் பழி பொய்ப்பழி என்பதை முதற்கண் உறுதியாகக் கொள்வோம். இவ்வுறுதி நமக்கு விலக்களிக்கும் உறுதியன்று; நம்மைக் கட்டும் உறுதியே என்பது மேலே விளங்கும்.

2. பிறவியையே குற்றமாக்கிய சட்டம்

பிறப்பினாற் பழி வருமென்பதைச் சட்டமாகவே எழுதி வைத்த காலமும் ஒன்றிருந்தது. 1871-ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரால் ஒரு சட்டம் இயற்றிற்று. முதலில் வடநாட்டில் வழங்கிய அச்சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதன் இயல்பு வருமாறு: ஒரு குடியினர் குற்றஞ் செய்வதையே தொழிலாக உடையவர் என்று மாகாண சர்க்கார் அறிவித்தாற் போதும், அக்குடியிற் பிறந்தார் எல்லாரும் பதிவேட்டில் ஏற்றப்படலாம். அவர் கைரேகை எடுக்கப்படும். குறித்த வேளையில் வந்து தலைகாட்ட வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெறவேண்டும். அறிவிப்புத் தவறென்று நீதிமன்றம் ஏறி வழக்காட இயலாது. சாதாரணச் சட்டத்திற் சர்க்கார் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டத்திலோ பிறந்ததே குற்றமாயிற்று. 1897-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்று 4 வயதுக்கு மேற்பட்ட சிறுவரையும் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்த இல்லங்களில் வைக்க இடங்கொடுத்தது. குற்றம் குருதியில் ஓடுகின்றது என்ற கொள்கையே இதற்கு அடிப்படை.

இவ்வாறு பதிவு பெற்றவர் யாவர்? உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராய்ச் சென்று விற்றுப் பிழைத்த குறவர், இருப்புப்பாதையும் உப்புச் சட்டமும் வந்து தம் வாணிகம் அழிந்தபின் பதிவேட்டிற் புகுந்தனர். ஊர்க்காவல் பூண்டு அதற்குரிய கூலி பெற்றுவந்த கள்ளர், அக்காவலுரிமை பறிபோனபின் பதிவேட்டிற் புகுந்தனர். பிழைப்பைப் பறித்தவர் சர்க்கார்; பிழைப்பின்மையைக் குற்றமென்று எழுதினவரும் அவரே.

இதிற் புதுக்கோட்டைக்கு ஒரு தனிப்பாடம் உண்டு. நம் தொண்டைமான் மன்னரும் கள்ளர் மரபினரே. அவர்க்குப் பிரிட்டிஷ் சர்க்கார் 11 பீரங்கி முழக்கி மரியாதை செய்தது. அதே சர்க்கார், அண்டையிலுள்ள மதுரைச் சீமையிற் பிறமலைக் கள்ளரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி அவர்தம் பெருவிரலில் மை பூசிற்று. பெயரால் ஒன்றாகிய மரபின் ஒரு கிளை அரியணையிலும் மற்றொரு கிளை பதிவேட்டிலும் இருந்தன. குற்றம் குருதியில் ஓடுகின்றது என்பது மெய்யாயின் இஃது எங்ஙனம் பொருந்தும்? குற்றவாளி யார் என்பதைக் குருதி முடிவு செய்யவில்லை. ஆள்வோர்க்குற்ற வசதியே முடிவு செய்தது.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்ணொருத்தி உட்படப் 16 பேர் மாண்டனர். அமிர்தசரசில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது 1919 ஏப்ரல் 13-இல். அதற்கு ஓராண்டும் நிரம்பாமுன் நிகழ்ந்தது இது. அமிர்தசரசைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். பெருங்காமநல்லூரைக் கல்லூரி மாணவரும் பலர் அறியார்.

அந்நாளில் அம்மக்களுக்காக வழக்காடியவர்களுள் ஒருவர், மதுரையில் வாழ்ந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். 1887-இற் செங்கன்னூரிற் பிறந்த இக்கிறிஸ்தவரை, அம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடழைத்துத் தம் பிள்ளைகட்கும் அப்பெயரிட்டனர். நம்மவரில் அத்தகையார் ஒருவர் இருந்தார் என்பது நமக்குப் பெருமையே. ஆனால் புகழை மட்டும் எடுத்துக்கொண்டு பழியை விடுவது முறையன்று என்று முன்னரே கூறினோம். ஆதலின் மற்றொன்றையும் கூறவேண்டும். இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புக்கள் சிலவற்றை நடத்தினோர் கிறிஸ்தவ ஊழியர்களே. அந்நாளைச் சென்னை மாகாணத்திற் சேர்ந்திருந்த ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனையாரும், நெல்லூர்ச் சீமைக் காவலியில் அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனாரும் அவ்வேலையை ஏற்றனர். அவருட் பலர் நல்லெண்ணத்தோடு சென்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. பள்ளி வைத்தனர், தொழில் கற்பித்தனர், நோய்க்கு மருந்திட்டனர். ஆனால் அவர் போதித்த மக்கள் வெளியேற உரிமையில்லாத மக்கள். வாயிலைப் பூட்டிவைத்து உள்ளே சொல்லும் நற்செய்தி எத்தகைய நற்செய்தி என்பது எண்ணத்தக்கது.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31-இல் நீங்கிற்று. விடுபட்ட மக்கள் அந்நாளைத் தம் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். தமிழகத்தில் அவரைச் சீர்மரபினர் என்று வழங்குகின்றோம்.

3. இரண்டு பஞ்சங்கள்

முன்னவன் செய்த அநீதிக்குப் பின்னவன் என் செய்வது? இவ்வினா புதியதன்று. தமிழர் காப்பியமும் வேதாகமமும் இதனை ஒரே வகையான கதையால் ஆராய்ந்துள்ளமை வியத்தற்குரியது.

சிலப்பதிகாரத்தை நோக்குவோம். ஆராயாது கோவலனைக் கொல்வித்த நெடுஞ்செழியன், தன் தவற்றை உணர்ந்த அக்கணமே உயிர் துறந்தனன். அவன் குற்றம் அவனோடு தீர்ந்தது எனலாம். ஆயினும் கதை அங்கு முடியவில்லை. பாண்டிநாட்டில் மழை பொய்த்தது. பஞ்சமும் நோயும் பரந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் என்னும் பின்னவன், கண்ணகிக்குச் சாந்தி செய்ய எண்ணிப் பொற்கொல்லர் 1,000 பேரைப் பலியிட்டு விழாவெடுத்தனன் என்றும், அதன்பின் மழை பெய்தது என்றும் உரைபெறு கட்டுரை கூறும்.

இதனைப் படித்து மேலே செல்வார் பலர். நின்று நோக்குவார் சிலர். சிலம்பைத் திருடினவன் ஒரு பொற்கொல்லன். மாண்டவரோ ஆயிரவர். அவ்வாயிரவருள் ஒருவனேனும் கோவலனைக் கண்டவனாக இருத்தற்கும் இடமில்லை. குலம் ஒன்றாயிருந்ததே அவர் செய்த குற்றம். ஓர் அநீதியைத் தீர்க்கப் புகுந்த அரசன் ஆயிரம் அநீதி செய்தனன். பெயரளவில் இது சாந்தி. பொருளளவில் இதுவே முதற் குற்றப் பரம்பரைச் சட்டம்.

இனி வேதாகமத்தை நோக்குவோம். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்திற் கிபியோனியர் கதை வருகின்றது. அவர் இஸ்ரவேலருக்கு முன்னரே அந்நாட்டில் வாழ்ந்த பழங்குடியினர். அவரைக் கொல்வதில்லை என்று யோசுவாவின் காலத்தில் ஆணையிட்டுக் கொடுத்திருந்தும், சவுல் அரசன் அவ்வாணையை மீறி அவரைக் கொன்றனன். சவுல் இறந்து தாவீது அரசனான பின்னர் மூன்றாண்டு பஞ்சம் வந்தது. காரணம் சவுல் சிந்திய இரத்தம் என்று தாவீது அறிந்தனன். அவன் 'நான் செய்ததன்று' என்று சொல்லவில்லை. கிபியோனியரை அழைப்பித்து, உங்களுக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று அவரையே கேட்டனன். இதுவரை அவன் செயல் மிகச் செவ்வியது. பின்னர் அவர் கேட்டபடி சவுலின் மக்களும் பேரருமாகிய எழுவர் கொலைக்குக் கொடுக்கப்பட்டனர். இங்கும் குற்றமற்றோர் இரத்தமே சிந்திற்று. மாண்டாருள் இருவர்க்குத் தாயாகிய ரிஸ்பாள், அறுவடை தொடங்கி மழை பெய்யுமளவும் பாறையின்மேல் இரட்டு விரித்துப் பறவையும் விலங்கும் அணுகாதபடி அவ்வுடல்களைக் காத்தனள். அதனைக் கேள்வியுற்ற தாவீது எலும்புகளைச் சேர்த்து முறைப்படி அடக்கஞ் செய்வித்தான். அதற்குப் பின்னரே தேவன் தேசத்திற்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்று அந்நூல் முடிக்கின்றது.

இரு கதையினும் பஞ்சம் உண்டு. இறந்த அரசனின் அநீதி உண்டு. பொறுப்பேற்ற பின்னவன் உண்டு. மாசற்றவர் மாண்டதும் உண்டு. இவற்றிலிருந்து மூன்று உண்மைகளைப் பிரித்தெடுக்கலாம். தீங்கு செய்தவன் இறந்தமையால் தீங்கு இறந்துபோவதில்லை. பதவியை ஏற்றவன் அதன் பொறுப்பையும் ஏற்கின்றான். ஆனால் அப்பொறுப்பைக் குருதியின்மேற் சுமத்தும்பொழுது பழைய தீங்கே புதிய உருவில் எழுகின்றது.

தந்தையர் செய்ததற்குப் பிள்ளைகள் சாவதில்லை, குற்றஞ் செய்தவனே அதற்கு உத்தரவாதி என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி தெளிவாக அறிவிக்கின்றார். ஆயினும் அதே வேதாகமத்தில் நெகேமியா, தாம் பிறக்குமுன் நிகழ்ந்தவற்றையும் சேர்த்து, நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம் என்ற கருத்துப்பட அறிக்கையிடுகின்றார். இவை முரண்படுவன போலத் தோன்றும். முரண் இல்லை. பிறர் மீது பழி சுமத்தாதே என்பது எசேக்கியேல் உரை. உன் வீட்டுக் கடனை நீயே முன்வந்து ஏற்றுக்கொள் என்பது நெகேமியாவின் செயல். ஒன்று பழியைப் பற்றியது. மற்றொன்று கடனைப் பற்றியது.

தந்தை செய்த கொலைக்கு மகனைத் தூக்கிலிடுவாரில்லை. தந்தை வைத்துப்போன வயலை ஏற்ற மகனோ, அவ்வயலின்மேல் உள்ள கடனையும் ஏற்றே ஆகவேண்டும். வயல் எனக்கு, கடன் எவருக்கோ என்று சொல்வானை ஊரார் நேர்மையாளன் என்னார். ஆகவே பழி குருதிவழி வாராது. கடன் உடைமைவழி வரும்.

4. பிறநாட்டார் செய்தது

இக்கொள்கையை நாடுகளும் திருச்சபைகளும் எவ்வாறு கைக்கொண்டன என்று காண்போம். ஆஸ்திரேலியா நமக்கு முற்றும் அயலான நாடன்று. நம் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மெல்போர்ன் நகரத்து மோலி ஃபிங்க் என்னும் மங்கையை மணந்து, சிலகாலம் சிட்னியில் வாழ்ந்தனர். மகனுக்கும் சிட்னி என்றே பெயரிட்டனர். மன்னர் மணம் புரிந்த அதே 1915-இல், சிட்னியைத் தலைநகராக உடைய நியூ சவுத் வேல்சு மாகாணம் ஒரு சட்டத்தைத் திருத்திற்று. பழங்குடிப் பிள்ளைகளை நீதிமன்ற விசாரணையின்றியே தாய்தந்தையரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும் அதிகாரத்தை அஃது ஒரு சபைக்கு அளித்தது. இத்தகைய சட்டங்களால் அந்நாடெங்கும் 1970 வரை பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். அவருட் பலர் தம் மொழியையும் தாயின் பெயரையும் மறந்தே வளர்ந்தனர். 1997-இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்டு, முந்தைய தலைமுறையின் செயலுக்கு இன்றைய தலைமுறை பொறுப்பாகாது என்று கூறி மன்னிப்புக் கேட்க மறுத்தனர். 2008 பிப்ரவரி 13-இற் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்பு வேண்டினர்.

கானடாவில் 1,50,000-க்கு மேற்பட்ட பழங்குடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். அப்பள்ளிகளிற் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகளே. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2008 ஜூன் 11-இலும், போப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் அல்பர்ட்டா மாகாணத்திலும் மன்னிப்பு வேண்டினர். இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1986-இற் சட்பரி நகரில், கானடா ஐக்கிய திருச்சபை பழங்குடியினரிடம் மன்னிப்புக் கேட்டது. பழங்குடியினர் அதற்கு விடையளித்த முறை நினைவிற் கொள்ளத்தக்கது. இரண்டாண்டு சென்று அவர் தந்த விடையில், கேட்டுக்கொண்டோம் என்றனரேயன்றி ஏற்றுக்கொண்டோம் என்னவில்லை. திருச்சபை அதனை வாழ்ந்து காட்டும் என்று நம்புகின்றோம் என்ற அளவில் நிறுத்தினர். அவ்விடத்தில் எழுப்பிய கற்குவியலையும் முற்றுவியாமலே விட்டனர். மன்னிப்புக் கேட்டல் கேட்பவன் கையில் உள்ளது. மன்னித்தல் தீங்குற்றவர் கையில் உள்ளது. முன்னதைச் செய்தமையாற் பின்னதை உரிமையாகக் கேட்டல் இயலாது.

மன்னிப்பினால் எல்லாம் நிறைவேறிவிட்டன என்றும் கூறுவதற்கில்லை. 2023 அக்டோபர் 14-இல், பழங்குடியினர் கருத்தைப் பாராளுமன்றத்திற்கு எடுத்துரைக்க அரசியற் சட்டத்தில் ஒரு சபை அமைக்கலாமா என்று ஆஸ்திரேலிய மக்களைக் கேட்டபொழுது, நூற்றுக்கு 60 பேரளவில் வேண்டாம் என்றே வாக்களித்தனர்.

5. தடைகளும் விடைகளும்

இக்கொள்கைக்குச் சிலர் தடை கூறுவர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

'செய்தவரும் இறந்தனர், பட்டவரும் இறந்தனர். யாரிடம் யார் மன்னிப்புக் கேட்பது?' என்பது முதற்றடை. மனிதர் இறப்பர், நிறுவனம் இறப்பதில்லை. சர்க்கார் என்பது நூறாண்டுக்கு முன் தான் வாங்கிய நிலத்தைத் தன்னதென்றும், தான் எழுதிய பத்திரத்தைச் செல்லுமென்றும் இன்றும் கூறுகின்றது. திருச்சபையும் மிஷன் கல்லூரியும் தம் நிறுவனர் நாளைக் கொண்டாடுகின்றன. நன்மையில் நாமே அவர் என்று சொல்லும் நிறுவனம், தீமையில் நாம் அவரல்லர் என்று சொல்லுதல் ஆகாது.

'வெள்ளையர் செய்ததற்கு நாம் என் செய்வது?' என்பது இரண்டாந்தடை. சட்டத்தை எழுதினவர் வெள்ளையரே. லண்டன் சர்க்காரும் இக்கடனுக்கு உரியதே. 2019-இற் பிரதமர் தெரசா மே ஜாலியன்வாலாபாக் நிகழ்ச்சிக்கு வருத்தந் தெரிவித்தாரேயன்றி மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில், காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அமிர்தசரசில் தரையில் விழுந்து வணங்கி, அரசின் சார்பிற் பேசத் தமக்கு உரிமையில்லையெனினும் சமயத் தலைவர் என்ற முறையில் துக்கப்படுவதாகக் கூறினர். ஆனால் கடன் லண்டனோடு முடியவில்லை. கைரேகைப் பதிவேட்டை எழுதிய கைகள் நம்மவர் கைகள். குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்த மறு ஆண்டே, 1948-இல், வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றைச் சென்னை மாகாணம் இயற்றிற்று. இத்தகைய சட்டங்களை மறுபடி ஆராயுமாறும் நீக்குமாறும் 2000-இல் தேசிய மனித உரிமை ஆணையமும், 2007-இல் ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழுவும் கேட்டுக்கொண்டன. 2024 அக்டோபர் 3-ஆம் நாளிலேதான், சிறைச்சாலை விதிநூல்களிற் சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் விதிகள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1952-இல் நீங்கிய சட்டத்தின் நிழல் 72 ஆண்டு நின்றது. இந்நிழல் வெள்ளையர் நிழல் மட்டும் அன்று.

'ஒருகாலத்துத் துன்புற்ற குடியே மற்றொருகாலத்துப் பிறரைத் துன்புறுத்தவில்லையோ?' என்பது மூன்றாந்தடை. உலகில் அதுவும் உண்டு. அதனால் முன்னைக் கடன் அழியாது. பின்னைக் கடன் ஒன்று புதிதாய்த் தோன்றும். இரண்டும் தீர்க்கத்தக்கனவே.

'வெறுஞ்சொல் யாருக்கு வேண்டும்?' என்பது நான்காந்தடை. இத்தடையை நாம் பாதி ஒப்புகின்றோம். குற்றஞ் செய்தவர் உயிரோடிருப்பாராயின் வேண்டுவது மன்னிப்பன்று, நீதியே. 1992 ஜூன் 20-இல் தருமபுரிச் சீமை வாச்சாத்தி என்னும் மலையாளிப் பழங்குடியினர் ஊரிற் சந்தனமரம் தேடுவதாகப் புகுந்த அரசு ஊழியர், வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். 269 பேர்மேல் வழக்கு நடந்தது. தீர்ப்புக்குமுன் 54 பேர் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை 2023-இல் உறுதி செய்து, அப்பெண்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வீதம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. குற்றம் அவரவர் பெயரால் எண்ணப்பட்டது, குலத்தாலன்று. காலந் தாழ்ந்தாலும் இதுவே முறை. தாழ்ந்த காலத்தில் 54 பேர் தப்பினர் என்பதையும் மறத்தலாகாது. உயிரோடிருப்பார்மேல் வழக்கும், இறந்தார் விட்டுச்சென்ற கடனுக்கு மன்னிப்பும் உரியன. ஒன்றற்கு மற்றொன்று ஈடாகாது.

சகேயுவின் கதையும் இங்கு நினையத்தக்கது. அவன் வருத்தந் தெரிவித்ததோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவேன் என்றனன். அச்சொல்லைக் கேட்டபின்னரே இயேசு, இவ்வீட்டிற்கு இரட்சிப்பு வந்தது என்றனர். மனந்திரும்புதலுக்குக் கணக்கும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

6. நம் கல்லூரியின் கடன்

பெருங்காமநல்லூரில் மாண்டவர்க்காக மன்னிப்புக் கேட்கும் அதிகாரம் ஒரு மாணவர்க்கு இல்லை. அதற்குரியன இரு நாட்டுச் சர்க்கார்களும் திருச்சபைகளுமே. அவை கேட்டல் வேண்டும் என்பதே நம் துணிபு. ஆயினும் அவை கேட்குமளவும் நாம் வாளா இருத்தல் வேண்டா. நம் கைக்கெட்டியன மூன்றுள.

முதலாவது, அறிதல். மிஷன்களின் பழைய அறிக்கைகளும் கடிதங்களும் கல்லூரி நூல்நிலையங்களிலும் திருச்சபை அலுவலகங்களிலும் உள்ளன. அவற்றிற் பள்ளிகள் திறந்த செய்தியைத் தேடிப் படிக்கும் நாம், குடியிருப்புக்கள் நடந்த செய்தியையும் தேடிப் படித்தல் வேண்டும். வரலாற்று மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து இதனைச் செய்யலாம். முதியோர் வாய்மொழியாய் வழங்கும் ரேகைச் சட்டக் கதைகளை, அவர் மறையுமுன் எழுதி வைக்கலாம்.

இரண்டாவது, சொல்லைக் காத்தல். ஒரு பொருள் காணாமற் போனவுடன் ஒரு குடியின் பெயரை வசையாக எடுத்துச் சொல்லும் வழக்கம் இன்னும் நம்மிடை ஒழியவில்லை. சட்டம் 1952-இல் ஒழிந்தது. அவ்வசைச்சொல் நாள்தோறும் அதனை மீண்டும் இயற்றுகின்றது. அதனை ஒழிக்கப் பாராளுமன்றம் கூடவேண்டுவதில்லை.

மூன்றாவது, கேட்டல். தாவீது செய்தவற்றுள் மாசற்ற செயல் ஒன்றே: உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தீங்குற்றவரைக் கேட்டமை. 2022-இல் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழகப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அம்மக்கள் பல்லாண்டு கேட்டுக்கேட்டுப் பெற்றது அது. அப்பிள்ளைகளிற் கல்லூரி வாயிலை மிதிப்பவர் இன்னும் மிகச் சிலரே. அவர்க்கு விடுதியில் இடமும், கட்டணத்தில் உதவியும், வகுப்பில் மதிப்பும் வேண்டுமென்றால், எவ்வாறு வேண்டுமென்பதை அவரையே கேட்டு அறிதல் நம் கடமை. முன்னாள் மாணவர் சங்கத்தார் ஓர் உதவித்தொகை நிறுவுவாராயின் அது தருமமாகாது. கடன் தீர்த்தலின் ஒரு பகுதியாகும்.

பிறப்பினாற் பழி வருமென்ற கொள்கையை நாம் ஏற்கவில்லை. அதனை ஏற்றோமாயின் வெற்றிவேற்செழியன் செய்ததும், 1871-ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததும் சரியென்றாகும். எவரும் தம் பாட்டனார்க்காகத் தலைகுனிய வேண்டுவதில்லை. ஆனால் பாட்டனார் வைத்துப்போன வீட்டில் வாழ்பவர், அவ்வீட்டின்மேலுள்ள கடன் சீட்டையும் எடுத்துப் படித்தல் வேண்டும். புதுக்கோட்டையார்மேல் ஊர்ப்பெயரால் எறியப்படும் பழி பொய்யென்று நாம் எவ்வளவு உறுதியாய் மறுக்கின்றோமோ, அவ்வளவு உறுதியாய்ப் பிறர்மேல் குலப்பெயரால் எழுதப்பட்ட பழியையும் அழித்தல் வேண்டும். ரிஸ்பாள் மாண்டவரை மறக்க விடாமற் காத்திருந்தாள். அவள் செயலைக் கேள்வியுற்றே அரசன் தன் கடமையை உணர்ந்தான். கற்றவர் தொழிலும் அதுவே: மறவாமல் காத்திருந்து, ஆள்வோர் உணருமளவும் நினைவூட்டுதல்.